பெட்டி கோணலாக வருகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பேக்கிங் லைனில் ஒரு பெட்டி கோணலாக வந்தால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி திரும்பி நிற்கும், பின்னால் வரும் நாலு பெட்டி அதில் முட்டும், டேப் ஒட்டும் மெஷின் வாயில் ஜாம் ஆகும், ஆபரேட்டர் ஓடி வந்து கையால் தட்டி நேராக்குவார், சூப்பர்வைசர் "மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்கப்பா" என்று கத்துவார். வந்த ஃபிட்டர் முதல் வேலையாக, பக்கத்தில் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு போல்ட்டைத் திருப்புவார். நானும் பல வருடம் அப்படித்தான் திருப்பினேன்.

முதல் தவறே அதுதான். கோணல் தெரிகிற இடம் ஒன்று, கோணல் பிறக்கிற இடம் இன்னொன்று. தெரிகிற இடத்தில் எவ்வளவு திருகினாலும் பிறக்கிற இடம் அப்படியேதான் இருக்கும்.

ஒரு மசாலா கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். 300க்கு 200 மி.மீ. அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் தேதி அடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர். திடீரென்று ஒரு நாள், எழுத்து ஒரு முனையில் சின்னதாகவும் மறு முனையில் பெரிதாகவும் விழ ஆரம்பித்தது. பெட்டி லேசாகத் திரும்பி வருகிறது, அதனால் பிரிண்டர் தலைக்கும் பெட்டிக்கும் உள்ள தூரம் மாறுகிறது, அவ்வளவுதான். மூன்று ஷிஃப்ட் ஆட்கள் மாறி மாறி பிரிண்டர் முன்னால் இருந்த கைடு ரெயிலை, அதாவது பெட்டி விலகாமல் இருபுறமும் அணை கட்டுகிற கம்பியை, இறுக்கினார்கள். நன்றாக இறுக்கியதும் பெட்டி நேராக வந்தது, ஆனால் லைன் முழுக்க உரசி உரசி நிற்க ஆரம்பித்தது. கடைசியில் காரணம் எங்கே இருந்தது என்றால், நாலு மீட்டர் பின்னால், பெல்ட் முடிந்து ரோலர் கன்வேயர் ஆரம்பிக்கிற இடத்தில். யாரோ பேலட் டிரக்கைக் கொண்டுபோய் ரோலர் கன்வேயரின் காலில் இடித்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தப் பகுதியே கொஞ்சம் சாய்ந்து திரும்பி நின்றது. இடது பக்கம் இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாது, வலது பக்கம் ஒரு விரல் தாராளமாகப் போகும். பெட்டியின் வலது மூலை அந்த இடைவெளியில் ஒரு கணம் மாட்டும், இடது பக்கம் முன்னால் போய்விடும். தேர்ச் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் முட்டுக்கட்டை போட்டால் தேர் திரும்புமே, அதே கதை.

அதனால் பெட்டி கோணலாக வந்தால் முதலில் ஃபோனை எடுங்கள். ஸ்லோ மோஷனில் வீடியோ பிடியுங்கள், கோணல் தெரிகிற இடத்திலிருந்து பின்னோக்கி நடந்துகொண்டே. எந்த இடத்துக்கு முன் பெட்டி நேராக இருக்கிறதோ, எந்த இடத்தைத் தாண்டியதும் மூக்கு திரும்புகிறதோ, அதற்கு நடுவில்தான் கோளாறு. பத்து நிமிட வேலை. ஸ்பேனரோடு போனால் பத்து நாள் ஆகும்.

அடுத்து பெல்ட். பொருள் நேராகப் போக வேண்டுமென்றால் அதைச் சுமக்கிற பெல்ட் நேராக ஓட வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஊர் ஷாப் ஃப்ளோரில் ஆளுக்கு ஒரு ஜோசியம் வைத்திருக்கிறார்கள். உண்மையில் விதி எளிமையானது. ரோலரின் எந்த முனையை பெல்ட் முதலில் தொடுகிறதோ, அந்த முனையை நோக்கித்தான் பெல்ட் நகரும். பெல்ட் சுற்றித் திரும்புகிற வால் பக்க டிரம்மில் (பெரிய உருளையில்) இதையே வேறு மாதிரி சொல்லலாம்: இறுக்கின பக்கத்திலிருந்து தளர்ந்த பக்கத்துக்கு பெல்ட் ஓடும். பெல்ட் வலது பக்கம் ஏறுகிறதா, வலது டேக்-அப் போல்ட்டை, அதாவது டிரம்மின் அந்த முனையை இழுத்துப் பிடிக்கிற போல்ட்டை, கொஞ்சம் இறுக்க வேண்டும், இல்லையென்றால் இடதைத் தளர்த்த வேண்டும். பலர் செய்வது நேர் எதிர், வலதுக்கு ஓடுகிறதே என்று இடது பக்கத்தை இறுக்கி இழுக்கப் பார்ப்பார்கள். பெல்ட் இன்னும் வலதுக்கு ஓடும். அப்புறம் பெல்ட்டையே திட்டுவார்கள்.

அந்த "கொஞ்சம்" என்பதுதான் முக்கியம். கால் சுற்று திருப்பிவிட்டு, பெல்ட் ஏழெட்டு முறை முழுதாகச் சுற்றி வரும் வரை சும்மா நிற்க வேண்டும். யாருக்கும் நிற்கப் பொறுமை இல்லை. அரை சுற்று, ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு அரை சுற்று, இன்னும் ஒன்று, அதற்குள் முதல் திருப்பலின் விளைவு வந்து சேர்ந்து பெல்ட் அடுத்த பக்கச் சட்டத்தில் போய் உரசும். பிறகு இந்தப் பக்கம் இறுக்கு. இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கியே பெல்ட் வீணை தந்தி மாதிரி விறைத்துப் போய், பேரிங் சத்தம் போடுகிற லைன்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இழுவிசை கூடினால் பெல்ட் நேராகும் என்பது ஒரு மூடநம்பிக்கை. டிரம்மில் வழுக்காமல் இழுக்கிற அளவு போதும்.

போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெல்ட் முழுவதும் ஒரே இடத்தில் ஒதுங்குகிறதா, அல்லது பெல்ட்டின் ஒரே துண்டு எல்லா இடத்திலும் ஒதுங்குகிறதா? பெல்ட்டில் ஒரு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒதுங்கினால் அந்த இடத்து ரோலரோ சட்டமோ கோணல். ஒரே துண்டு சுற்றிச் சுற்றி ஒதுங்கினால் தவறு பெல்ட்டில், பெரும்பாலும் பெல்ட்டின் இரண்டு முனையும் சேரும் ஜாயின்ட் 90 டிகிரியில் வெட்டப்படவில்லை. ஜாயின்ட் கோணலாக இருக்கும்போது டேக்-அப் போல்ட்டைத் திருப்புவது, கட்டில் கால் ஆடுகிறது என்று தலையணையை மாற்றிப் போடுவது மாதிரி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். கன்வேயரில் பல நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது. சட்டத்தின் நாலு மூலைகளுக்குக் குறுக்கே டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் உள்ள கன்வேயரில் இரண்டுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் வந்தால், ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிட ஏறக்குறைய 3 மி.மீ. முன்னால் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம், அப்படியானால் டிரம்மும் கோணல்தான். அப்புறம் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நீளவாட்டில் மட்டம் பார்க்கிறவர்கள் குறுக்கே பார்ப்பதில்லை, தரை ஒரு பக்கம் சரிவாக இருந்தால் பெட்டி அந்தப் பக்கம் நழுவிக்கொண்டே போகும். கொத்தனார் மாதிரி ஒரு நூல் பிடித்துப் பார்ப்பதிலும் வெட்கமே வேண்டாம், லேசர் இல்லாத இடத்தில் நூல்தான் லேசர்.

டிரம் நடுவில் லேசாகப் பருத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெல்ட் தானாக நடுவுக்கு வருவதற்காகத்தான் அந்தப் பருமன். இதில் மாவோ மசாலாவோ ஒரு ஓரத்தில் அப்பி இறுகிவிட்டால் அந்த ஓரமே புது மேடாகிவிடும், பெல்ட் அதன் மேல் ஏறப் பார்க்கும். ஆகவே ஒரு வாரமாகச் சரியாக ஓடிய பெல்ட் இன்று ஒதுங்கினால், போல்ட்டை விட்டுவிட்டு சுரண்டியைத் தேடுங்கள்.

சரி, இனி கைடு ரெயில். பொருளை வரிசையில் வைப்பதே அதுதான், அதிகத் தவறு நடப்பதும் அதில்தான். "கொஞ்சம் தாராளமா விடுப்பா, ஜாம் ஆகாம போகட்டும்" என்று சொல்லித்தான் எல்லாம் ஆரம்பிக்கும். அதே 300க்கு 200 பெட்டியை நீளவாட்டில் ஓட்டுகிறீர்கள், கைடு இடைவெளி 210 மி.மீ. வைத்தால் பெட்டி அதிகபட்சம் 2 டிகிரிதான் திரும்ப முடியும். 250 வைத்தால் 10 டிகிரி வரை திரும்பும், இரண்டு மூலையும் இரண்டு கைடையும் தொட்டபடி ஆப்பு மாதிரி நிற்கும், பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் இறுகும். ஜாம் ஆகாமல் இருக்கத் தாராளமாக விட்டதுதான் ஜாமுக்கே காரணம்.

உருண்டை பாட்டிலுக்கு இது வேறு மாதிரி. விட்டத்தைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருந்தால் ஒற்றை வரிசையில் வரும். ஒன்றரை மடங்கு இடம் விட்டால் பாட்டில்கள் வலது இடது என்று சரிந்து பின்னிக்கொள்ளும், அழுத்தம் கூடினால் இரண்டு பாட்டில் தோளோடு தோள் முட்டுக் கொடுத்து, பாலம் கட்டி நின்றுவிடும்.

அதற்காக ஒரேயடியாக இறுக்கவும் கூடாது. கைடு செட் பண்ணுகிறவர் கையில் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு செட் பண்ணுவார். அது தட்டையாக, அழகாக இருக்கும். சரக்கு நிரம்பின பெட்டி வயிறு தள்ளி வரும், மழைக்காலத்தில் அட்டை ஊறி இன்னும் ஊதும். லைனில் வருகிறதிலேயே தொப்பை பெரிய பெட்டியை எடுத்து அதை வைத்து செட் பண்ணுங்கள். ஒரு பக்கக் கைடு மட்டும் உரசுகிறதா என்றும் பாருங்கள், உரசுகிற பக்கம் பின்தங்கும், முட்டுக்கட்டைக் கதைதான் மறுபடி.

கைடின் இரண்டு துண்டு சேரும் இடத்தில் அடுத்த துண்டின் முனை ஒரு நூல் அளவு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், பெட்டி மூலை அங்கே மோதும். அடுத்த துண்டு எப்போதும் ஒரு மி.மீ. வெளியே விலகியிருக்கட்டும். வாய்ப்பகுதி புனல் மாதிரி விரிந்து, நீளமாக, மெதுவாகக் குறுக வேண்டும். திடீரென்று குறுக்கினால் அது கைடு இல்லை, சுவர்.

பாக்கெட் ஓட்டுகிறவர்கள் இந்தப் பெட்டிக் கணக்கைக் கொண்டுபோய் அங்கே போடாதீர்கள். பாக்கெட்டுக்கு விறைப்பு கிடையாது. கைடில் உரசினால் சீல் ஓரம் மடியும், இல்லையென்றால் ரெயிலுக்கு அடியில் நுழைந்து மாட்டும். பாக்கெட் நேராக வர வேண்டுமானால் அது விழும் இடத்தைப் பாருங்கள். பேக்கிங் மெஷினிலிருந்து பெல்ட்டில் விழும் உயரத்தைக் குறையுங்கள், விழும்போது குதித்துத் திரும்பாமல் இருக்க சரிவுத் தகடு வையுங்கள். விழுந்த பிறகு நேராக்குவது தனி மெஷின் வேலை, அதற்குத் தனிக் காசு.

வேகத்தில் நடக்கிற தவறு கொஞ்சம் நுட்பம். ஒட்டி ஒட்டி வரும் 300 மி.மீ. பெட்டிகளுக்கு நடுவே 150 மி.மீ. இடைவெளி வேண்டுமானால் அடுத்த கன்வேயர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட வேண்டும், ஏனென்றால் 300 இருந்த இடத்தில் 450 ஆக வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் சென்சார் இரண்டு பெட்டியை ஒன்றாக எண்ணும். ஆனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒரே இடத்தில் தாவினால், முன்பாதியை வேகமான பெல்ட் இழுக்க, பின்பாதியை மெதுவான பெல்ட் பிடித்துக்கொள்ள, பெட்டி முறுக்கிக்கொண்டு திரும்பும். இரண்டு படியாக ஏற்றுங்கள்.

ரோலர் கன்வேயரில் எந்த நேரமும் பெட்டிக்கு அடியில் மூன்று ரோலராவது இருக்க வேண்டும். 300 மி.மீ. பெட்டி என்றால் ரோலருக்கு ரோலர் 100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. காசு மிச்சம் என்று 150 வைத்தால் பெட்டி இரண்டு ரோலர் மேல்தான் நிற்கும், மூக்கு கீழே சரிந்து அடுத்த ரோலரில் முட்டும். வளைவில் நேரான ரோலர் போடுவதும் இதே சிக்கனத்தில் வருகிற வினைதான். உள் ஆரம் 800 மி.மீ., அகலம் 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 90 டிகிரி திரும்ப உள் ஓரம் சுமார் 1.26 மீட்டரும் வெளி ஓரம் 1.88 மீட்டரும் போக வேண்டும். நேரான ரோலர் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் தள்ளும், பெட்டி வெளிக் கைடில் உரசி ஒரு மாதிரி திரும்பித்தான் வெளியே வரும். வளைவுக்கு ஒரு முனை பருத்த, கூம்பு ரோலர்தான்.

மாடுலர் பிளாஸ்டிக் பெல்ட் (பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்துச் செய்த பெல்ட்) வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன இழுவிசை, டேக்-அப் கதை எதையும் அதில் செய்யாதீர்கள். அது ஸ்ப்ராக்கெட் என்கிற பற்சக்கரத்தின் பல்லில் ஓடுகிறது, திரும்பி வரும் பக்கம் கொஞ்சம் தொங்கத்தான் வேண்டும். ஷாஃப்டில் உள்ள எல்லா ஸ்ப்ராக்கெட்டையும் இருபுறமும் ரிங் போட்டுப் பூட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நடுவில் ஒன்றைத்தான் பூட்ட வேண்டும், மற்றவை ஷாஃப்டில் பக்கவாட்டில் நகர வழி வேண்டும். பாலிபுரொப்பிலீன் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.12 மி.மீ. விரியும். 600 மி.மீ. அகல பெல்ட்டில் சுடுநீர் விட்டுக் கழுவி 50 டிகிரி ஏறினால் மூன்றரை மி.மீ. அகலம் கூடிவிடும். எல்லாம் பூட்டியிருந்தால் அந்த மூன்றரை மி.மீ. எங்கே போகும்? பெல்ட் புடைக்கும், இல்லை பல் தாண்டும்.

ஒன்றை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். பெல்ட் ஒதுங்கும்போது ஓடுகிற பெல்ட்டைக் கையால் தள்ளிப் பார்ப்பது, டிரம்மில் அப்பியதை ஓட்டத்திலேயே சுரண்டுவது, மாட்டின பெட்டியை நிறுத்தாமல் இழுப்பது, இதெல்லாம் சாமர்த்தியம் இல்லை. பெல்ட்டும் டிரம்மும் சேருகிற வாய் விரலை உள்ளே வாங்கினால் திருப்பிக் கொடுக்காது. ஓடும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பவர் பயிற்சி பெற்றவராக, உடம்போடு ஒட்டிய உடையில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 22ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். சுத்தம் செய்வதென்றால் நிறுத்தி, மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். டிராக்கிங், அதாவது பெல்ட் நேராக ஓடுகிறதா என்று, பார்க்க மட்டும்தான் பெல்ட் ஓட வேண்டும், அப்போதும் காப்புத் தகடு மாட்டியிருக்க, கை போல்ட்டோடு நிற்கட்டும்.

இன்னொன்று, சைஸ் மாற்றும்போது நடப்பது. காலையில் 200 கிராம் பெட்டி, மதியம் 500 கிராம். கைடைத் தளர்த்தி விரித்து ஓட்டுகிறார்கள், மறுநாள் மறுபடி 200க்கு வரும்போது நேற்று எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, கண் அளவில் வைப்பார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு கண். ஒவ்வொரு பிராக்கெட்டிலும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் துண்டை ஒட்டி, ஒரு சைஸுக்கு ஒரு கலர் என்று பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அந்த மசாலா லைனில் 200 கிராமுக்குப் பச்சை, 500 கிராமுக்குச் சிவப்பு என்று போட்டோம், ரோலர் கன்வேயர் கால் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் மஞ்சள் கட்டமாகவும் வரைந்தோம். பேலட் டிரக் இப்போதும் அவ்வப்போது இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டத்தை விட்டுக் கால் வெளியே நின்றால், பெருக்க வருகிற அக்கா பார்த்துவிட்டு முதல் ஆளாக வந்து சொல்லிவிடுகிறார்.