ஐடிஐ வகுப்பில் “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்

வட சென்னையில் எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ புதிதாகப் பாடம் எடுக்கப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் “உனக்கெல்லாம் படிப்பு ஏறாது” என்பதைப் பள்ளியிலேயே கேட்டுச் சலித்தவர்கள். வகுப்பில் நாம் யோசிக்காமல் செய்யும் சில காரியங்கள் அந்தப் பேச்சை மறுபடி உறுதி செய்துவிடுகின்றன, அப்புறம் அவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது “புரிஞ்சுதா?” என்ற கேள்விதான். இருபது பேரும் “புரிஞ்சுது சார்” என்பார்கள். இல்லை என்று சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குப் பத்து வருடப் பழக்கம், அந்தப் பதிலை நம்பி நகர்ந்தால் யாருக்கு எங்கே சிக்கியது என்று கடைசிவரை தெரியாது. அதற்குப் பதில் செய்து காட்டச் சொல்லுங்கள். நீளம் அளக்கும் வெர்னியர் காலிப்பரையே எடுத்துக்கொள்வோம், 0.02 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் (அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) உள்ளது. மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 18-ஆவது கோடு சேருகிறது என்றால் 18-ஐ 0.02-ஆல் பெருக்கி 0.36, மொத்தம் 24.36. ஒரு பையன் 24.18 என்று எழுதியிருந்தால் அவனுக்குக் கோடு பார்க்கத் தெரிகிறது, பெருக்க மட்டும் விட்டுவிட்டான். இன்னொருவன் மெயின் ஸ்கேலிலேயே தப்பாக எடுத்திருந்தால், வெர்னியரின் பூஜ்யத்தைப் பார்க்காமல் அந்தத் தகட்டின் ஓரத்தைப் பார்த்திருக்கலாம். இரண்டு பேருக்கும் “தப்பு, மறுபடி பண்ணு” என்று ஒரே பதில் சொன்னால் இரண்டு பேருமே அங்கேயேதான் நிற்பார்கள். எங்கே வழுக்கியது என்று பார்த்து அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்தினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், “நமக்கும் வருதே” என்ற எண்ணமும் கூடவே வரும்.

கேள்வி கேட்டவுடனே பதிலையும் நாமே சொல்லிவிடுவது இன்னொன்று. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி அமைதியாக நிற்பது நமக்குத்தான் கஷ்டம், பழகிக்கொள்ளுங்கள்.

செய்முறை காட்டும்போது நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் ஜாப்பை (வேலை செய்யும் உலோகத் துண்டை) இறுக்கி, நம் வேகத்திலேயே அரம் போட்டுக்கொண்டே விளக்கமும் சொல்லி, “இப்போ நீங்க பண்ணுங்க” என்கிறோம். முன்னால் நின்ற நாலு பேர் பார்த்திருப்பார்கள், பின்னால் நின்றவர்களுக்கு நம் முதுகுதான் தெரிந்திருக்கும். ஒருமுறை பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். அடுத்து மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லி. மூன்றாவது முறை அவர்கள் வாயால் படிகளைச் சொல்ல, நீங்கள் அதன்படி மட்டும் செய்யுங்கள், அவர்கள் ஒரு படியை விட்டால் நீங்களும் விடுங்கள் (அடிபடும் இடமாக இருந்தால் மட்டும் நிறுத்திச் சொல்லுங்கள்). பிறகுதான் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிய ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தபோதும் ஏறக்குறைய இப்படித்தான் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தியரி வகுப்பில் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதைக் குறையுங்கள். நேற்று நடத்தியதில் மூன்று கேள்வி, புத்தகத்தைப் பார்க்காமல், மார்க் இல்லாமல், தினமும் முதல் ஐந்து நிமிடம், அது போதும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

ஃபிட்டர், வெல்டர் பேட்ச்சில் ஒன்றிரண்டு பெண்கள் இருந்தால் “நீ ரெக்கார்டு எழுதும்மா, அவங்க பண்ணட்டும்” என்று சொல்லிவிடாதீர்கள். அக்கறையாகத்தான் சொல்கிறோம், ஆனால் பயிற்சி முடிந்து டிரேட் டெஸ்டில் (கடைசித் தொழில் தேர்வில்) நிற்கும்போது அந்தப் பெண்ணின் கைக்குப் பழக்கமே இருக்காது. வைஸ் உயரம் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். குள்ளமாக இருந்தால் காலடியில் பலகை போட்டுக் கொடுங்கள், அது பையன்களுக்கும் பொருந்தும்.

வேலை பற்றிய பேச்சைக் கடைசி வருடத்துக்கு ஒத்திவைப்பதும் தப்பு. பெரம்பூரில் 1955-இலிருந்து ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது, எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, இவ்வளவும் பக்கத்திலேயே இருந்தும் அப்ரண்டிஸ் (தொழிற்சாலையிலேயே வேலை பழகுவது) என்றால் என்ன, அதற்கு 1961-லேயே சட்டம் இருக்கிறது, அந்தப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு என்பது முதல் வருடப் பையனுக்குத் தெரிவதில்லை. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தால் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதையும் சேர்க்கை வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, தகுதி இருந்தும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் பணம் வராமல் கிடக்கும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.

கடைசியாக, தாமதமும் லீவும். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் கூடை தூக்கிவிட்டு வருபவன் இருப்பான், ராத்திரி கேட்டரிங் போய் வந்தவன் இருப்பான், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் மாட்டிக்கொண்டவன் இருப்பான். எல்லோரையும் வாசலிலேயே நிற்க வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டால் உண்மை வராது, நாளைக்கு ஆளும் வராது. உள்ளே விட்டு வேலையில் உட்கார வையுங்கள், இடைவேளையில் தனியாகக் கேளுங்கள். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்பதையும் ஒளிக்காமல், இன்னும் எத்தனை நாள் லீவு எடுக்க முடியும் என்று கணக்கோடு சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வரவில்லையா, ஒரு போன் போடுங்கள். “ஏன்பா வரல?” என்று அதட்டாமல், “உன் ஜாப் பாதியில நிக்குது, சனிக்கிழமை வா, நான் இருக்கேன், முடிச்சிடலாம்” என்று சொல்லுங்கள், சொன்னபடி சனிக்கிழமை நீங்களும் அங்கே இருங்கள்.