கதப: மூன்று எழுத்தைப் பிடியுங்கள்

கிண்ணியாவிலோ மூதூரிலோ குர்ஆன் மதரசாவில் ஓதிய நம்மில் பலருக்கு வாசிக்க வரும், பொருள்தான் பிடிபடாது. 'கதப' என்ற அரபுச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். காஃப், தா, பா, இந்த மூன்று எழுத்தும்தான் அதன் வேர். குர்ஆன் 2:79இல் (2ஆம் அத்தியாயம், 79ஆம் வசனம்) 'யக்துபூன' என்று வருகிறது, முன்னாலுள்ள 'ய'வையும் கடைசி 'ஊன'வையும் கழற்றினால் வேர் தெரிந்துவிடும்: எழுதுகிறார்கள். அடுத்த சொல் நாம் வீட்டில் சொல்லும் அதே கிதாபு, அதாவது புத்தகம்.

அப்புறம் ஹரகத்தை, அதாவது உயிரொலிக் குறிகளை, கவனமாகப் பாருங்கள். கதப என்றால் எழுதினான், குதிப என்றால் எழுதப்பட்டது. கூடவே 'அலா' (மீது) சேர்ந்தால் விதியாக்குவது என்ற பொருள் வரும், நோன்பு வசனத்தில் (2:183) 'குதிப அலைக்கும்' என்பது அப்படித்தான். அதே அலாவோடு 6:54ஐ எடுத்துப் பாருங்கள், இறைவன் தன் மீதே அருளை விதித்துக்கொண்டான் என்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம். சரி, அகராதி? வேர் வரிசையில் அமைந்த அரபு அகராதியில் மக்தூபை (எழுதப்பட்டது) மீம் எழுத்தில் தேடாதீர்கள், காஃபில் தேடுங்கள்.