கேழ்வரகுக் கூழ்: காலையில் 5 நிமிடம், மீதி வேலை முந்தின நாளே

காலையில் சாப்பிடாமல் கிளம்புகிறவர்களைக் கேட்டால், பசியில்லை என்பவர்கள் கொஞ்சம் பேர்தான், நேரமில்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். ராத்திரி 8.30க்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் டீயும் பஜ்ஜியும்தான் உள்ளே போகும். பிள்ளைகள் விஷயத்தில் இது ரொம்பவே முக்கியம். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று போடுகிறார்களே, அது மிக நல்ல காரியம். வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்றால், அடுப்பு வேலையைக் காலையிலிருந்து எடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அதற்குக் கை கொடுத்தது கூழ்.

திங்கட்கிழமை காலைக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்க வேண்டும்.

சனி ராத்திரி: 1 கப் கேழ்வரகு மாவை 2 கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். மாவு மில்லில் அரைத்ததாக இருந்தால் நல்லது, பாக்கெட் மாவு பல சமயம் பழசாகிக் கசக்கிறது. குளிர்காலத்தில் சரியாகப் புளிக்காது, அப்போது பழைய சோற்றுத் தண்ணீர் 2 கரண்டி ஊற்றினால் போதும். புளிக்கவிடுவது ருசிக்காக மட்டுமில்லை, தானியத்தில் இருக்கிற இரும்பையும் கால்சியத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ளவும் அது உதவுகிறது.

ஞாயிறு சாயங்காலம்: அரை கப் நொய்யை (உடைந்த அரிசி) 3 கப் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும், நிறைய பேர் கூழை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். புளித்த மாவு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், அதை அடிவரை நன்றாகக் கலக்கிக்கொள்ள வேண்டும், அப்படியே சாய்த்தால் முதலில் தண்ணீரும் கடைசியில் கெட்டி மாவும் விழுந்து கட்டி தட்டிவிடும். தீயைக் குறைத்துக்கொண்டு, அதை வெந்த நொய்யில் ஒரு கையால் மெல்ல ஊற்றிக்கொண்டே மறு கையால் மரத் துடுப்பால் விடாமல் கிளறுங்கள். கரண்டி வேண்டாம், அடிப்பிடித்தால் சுரண்டக்கூட முடியாது, மர மத்தின் காம்பு இருந்தாலும் சமாளிக்கலாம். கொஞ்ச நேரத்திலேயே கெட்டியாகிவிடும், வெந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள், உள்ளே பச்சை மாவு வாடை அப்படியே இருக்கும். வெளிர் நிறம் மாறிக் கருஞ்சிவப்பாகப் பளபளக்க வேண்டும், கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. அதற்கு எப்படியும் 15, 20 நிமிடம் ஆகும். நடுவில் இறுகினால் வெந்நீர்தான் தெளிக்க வேண்டும்.

உப்புப் போட்டு இறக்கி, ஆறியதும் மண்சட்டியில் மூடி வையுங்கள். எவர்சில்வர் பாத்திரத்திலும் வைக்கலாம், ஆனாலும் நான் மண்சட்டிதான் சொல்வேன், வெயில் காலத்திலும் குளுகுளுவென்று இருக்கும்.

திங்கள் காலை: ஒரு பெரிய உருண்டை எடுத்து, மோர் விட்டுக் கையாலேயே கரையுங்கள், மிக்ஸியில் அடித்தால் நொய் மசிந்து பசை மாதிரி ஆகிவிடும். சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுங்கள். தொட்டுக்க மோர் மிளகாய், மாங்காய், கருவாடு, எது வீட்டில் இருக்கிறதோ அது. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, புரதம் 7 கிராம்தான், அதனால் கூடவே ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கட்டாயம் வையுங்கள்.

பின்சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் கேட்ட இரண்டு விஷயம்.

சர்க்கரை உள்ளவர்கள் குடிக்கலாமா? கேழ்வரகு என்பதற்காகச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவாக எடுத்துக்கொண்டு, சுண்டலைக் கூட்டி, குளுக்கோமீட்டரில் பார்த்து, உங்கள் டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, கூழ் குடித்த கையோடு காபியோ டீயோ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது குறைக்கும், ஒரு மணி நேரம் போகட்டும்.

மிச்ச உருண்டையை ஃப்ரிட்ஜில் வைத்துச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே வைத்தது என்றால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் நுரைத்துவிடும்.