தப்பை வைத்துத் தியானம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். தப்பு என்பது ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய மேளம். எங்கள் லயத்தில் தப்புச் சத்தம் கேட்டால் ஒன்று திருவிழா, இல்லாவிட்டால் சாவு. நான் முதல் தடவை விடியற்காலையில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து மெதுவாகத் தட்டியபோது, பக்கத்துக் காம்பரா (அறை) அத்தை "யாருக்குப்பா என்னாச்சு?" என்று பதறி ஓடி வந்தார். ஆகவே தப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை, சுவர் ஒட்டிய வீடுகளில் சொல்லிவிடுவது. லயத்தில் துக்கம் இருக்கிற நாட்களில் எடுக்கவே வேண்டாம்.

அந்தக் காலத்தில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற காலைக் கூட்டத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் இந்தத் தப்புதான்; மாசியில் காமன் கூத்துக்கு ஆட வைப்பதும் இதுதான். சைபீரியப் பழங்குடிப் பூசாரிகள் சடங்கில் மனதை உள்ளே திருப்ப அடிக்கிற மேளமும், மரச் சட்டத்தின் ஒரு பக்கம் தோல் போர்த்தியதே. அதனால் தியானத்துக்கென்று வெளிநாட்டு மேளம் தேடி அலைய வேண்டியதில்லை.

தப்பைத் தேர்ந்தெடுப்பது

கையால் செய்த தோல் தப்பாக வாங்குங்கள். நட்டு முறுக்கும் பைபர் தப்பு மழைக்குத் தாங்கும், ஆனால் அதன் சத்தம் காதைக் குத்தும். தப்பை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். தோல் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிதாகவும் தெரிந்தால் வேறு எடுங்கள்.

காய்ச்சுவது

மலையில் இதுதான் பாதி வேலை. எங்கள் மலையகத்து நுவரெலியா 1868 மீட்டர் உயரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துபோகும், சத்தம் 'பொத்' என்று இறங்கிவிடும். கங்கு மட்டும் இருக்கிற அடுப்புக்கு ஓர் அடி மேலே தப்பைப் பிடித்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். இன்னொரு கையின் புறங்கையும் அதே உயரத்தில் இருக்கட்டும். கைக்குப் பொறுக்காத சூடு தோலுக்கும் ஆகாது. இடையிடையே தட்டிப் பாருங்கள். சத்தம் ஏறி, 'டும்' என்று தெளிவாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். அவசரப்பட்டுத் தீச்சுவாலையில் காட்டி ஒரு நல்ல தப்பை நான் கிழித்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உட்காருவதும் தட்டுவதும்

சம்மணமிட்டு, தப்பின் விளிம்பை இடது தொடையில் நிறுத்தி, இடது கையால் மேல்விளிம்பைப் பிடியுங்கள். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வழக்கமான இரண்டு குச்சியும் வேண்டாம், அவை ஊரைக் கூட்டத்தான். வலது கை விரல்களின் சதைப்பகுதி போதும். அல்லது பழைய சேலைத்துணி சுற்றிய ஒரு கட்டைக்குச்சி.

சரியாக நடுவில் தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும். நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தில் தட்டி, விரலை உடனே எடுத்துவிடுங்கள். அப்போதுதான் கார்வை, அதாவது தட்டிய பிறகு நீளும் ஓசை, நிற்கும். தியானம் அந்தக் கார்வையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு தட்டு. சத்தம் தேய்ந்து, மழைச் சத்தத்தோடு கலந்து மறைகிற வரைக்கும் கேளுங்கள். பிறகுதான் அடுத்த தட்டு. முதல் வாரம் முழுக்க இதை மட்டும், நாளுக்கு ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

மூச்சோடு சேர்ப்பது

இரண்டாம் வாரத்தில் நொடிக்கு ஒரு தட்டு. நான்கு தட்டுக்கு மூச்சை இழுங்கள், ஆறு தட்டுக்கு விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிறது. மூச்சு இப்படி நிதானப்படும்போது, குறிப்பாக வெளிமூச்சு நீளும்போது, இதயத் துடிப்பும் தணியும். மூச்சு முட்டினால் மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

சக்தியை உடம்பில் நகர்த்துவது

தப்பின் பின்பக்கத்தை நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தட்டினால் அதிர்வு விலாவில் தெரியும். அடுத்து வயிறு, தொடை, பாதம் என்று இறக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்துத் தட்டு. கவனம் போகிற இடத்தில் ஒரு வெதுவெதுப்பு வரும். நான் சக்தி என்று சொல்வது அதைத்தான். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கு, யாராவது பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தால் இதமாக இருக்கும். வலிக்கு மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

நம் ஆட்களுக்கு ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். இந்தச் சத்தத்தில் இறந்துபோனவர்கள் ஞாபகம் வரும். எனக்கு அப்பாயி வந்தார். அழுகை வந்தால் உள்ளங்கையைத் தோல்மேல் வைத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அழுது முடியுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும்.

எடுத்து வைப்பது

தோலைக் காய்ந்த துணியால் துடைத்து, துணிப்பையில் போட்டு, ஈரம் ஊறாத உள்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், தோல் வெடித்துவிடும். அடைமழை நாட்களில் தட்டாவிட்டாலும் இரண்டு நாளைக்கு ஒருதடவை எடுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.