மகரத்தில் ஐந்து கிரகம்: ஸ்டீவ் இர்வின் ஜாதகத்தை வைத்துக் கட்டம் படிக்கக் கற்போம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் ஜோதிடம் படிக்க வருகிறார்கள். புதிதாக வருகிற எல்லோரும் முதலில் தங்கள் ஜாதகத்தைத்தான் நீட்டுவார்கள். நான் வாங்குவதில்லை. சொந்த ஜாதகத்தில் ஆசையும் பயமும் கலந்துவிடும், கண் நேராகப் பார்க்காது. முழுதாக வாழ்ந்து முடிந்த, தேதிகள் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒருவரின் கட்டத்தில்தான் கை பழக வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது ஆஸ்திரேலியாவின் முதலைக்காரர் ஸ்டீவ் இர்வின்.

கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று கேட்டு வளர்ந்த வேலூர்ப் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. அவர் பிறந்த நேரத்தை வைக்காமலே இந்தக் கட்டத்தைப் போடப் போகிறோம். நேரம் இல்லாத ஜாதகத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பழகிவிட்டால், நேரம் இருக்கும் ஜாதகத்திலும் நாக்கு கட்டுக்குள் இருக்கும்.

முதல் படி: வாழ்க்கையை எழுதுங்கள்

கட்டம் போடும் முன் ஒரு தாளில் வாழ்க்கையை வரிசையாக எழுதிவிடுங்கள். கட்டத்தைப் பார்த்த பிறகு எழுதினால், கட்டத்துக்கு ஒத்துவரும் சம்பவங்கள் மட்டும்தான் நினைவுக்கு வரும்.

1962 பிப்ரவரி 22 அன்று மெல்போர்ன் பகுதியில் பிறந்தார். அது அவருடைய அம்மாவின் பிறந்தநாளும்கூட. ஆறாவது பிறந்தநாளுக்கு வீட்டில் கொடுத்த பரிசு ஒரு மலைப்பாம்பு. 1970இல் குடும்பம் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பீர்வா என்ற ஊரில் ஊர்வனவற்றுக்கு ஒரு பூங்கா தொடங்கியது. ஒன்பது வயதில் அப்பாவின் கண் முன்னால் முதல் முதலையைப் பிடித்தார். பெரியவனானதும் மக்கள் நடமாட்டத்துக்கு அருகே வந்துவிட்ட முதலைகளைச் சுடாமல் உயிரோடு பிடித்து இடம் மாற்றும் அரசுத் திட்டத்தில் தொண்டராக வேலை செய்தார். 1991இல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1992 ஜூன் 4 அன்று டெர்ரியைத் திருமணம் செய்தார். தேனிலவுக்கும் முதலை பிடிக்கத்தான் போனார்கள், அங்கே எடுத்த படம்தான் பிறகு தொலைக்காட்சித் தொடராக வளர்ந்தது. மகள் 1998 ஜூலையில், மகன் 2003 டிசம்பரில் பிறந்தார்கள். 2006 செப்டம்பர் 4 அன்று, போர்ட் டக்ளஸ் கரைக்கு அப்பால் பாட் ரீஃப் என்ற பவளத்திட்டில், கடல் ஆவணப்படம் ஒன்றின் படப்பிடிப்புக்கு இடையே திருக்கை மீனின் வால்முள் நெஞ்சில் பாய்ந்து இறந்தார். வயது 44.

இரண்டாம் படி: நேரத்தை நம் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள்

இங்கே நிறையப் பேர் தவறுகிறார்கள். இப்போது பிப்ரவரி மாதத்தில் மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதையே 1962க்கும் போட்டுவிடாதீர்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைக்கும் வழக்கம் அங்கே 1971இல்தான் வந்தது. ஆகவே 1962இல் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான்.

அப்படியானால் மெல்போர்னின் பிப்ரவரி 22 என்பது, நம் கணக்கில் 21ஆம் தேதி இரவு 7.30 முதல் 22ஆம் தேதி இரவு 7.30 வரை. பிலவ வருடம், மாசி மாதம், வியாழக்கிழமை, தேய்பிறை. இந்த 24 மணி நேரத்துக்கும் கிரக நிலையைப் பாருங்கள். திருக்கணிதம், அதாவது இன்றைய வானியல் கணக்குப்படி கிரக நிலை, போடும் எந்தச் செயலியும் போதும். தொடக்க நேரத்துக்கு ஒரு முறை, முடியும் நேரத்துக்கு ஒரு முறை கட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் மாறாமல் இருப்பதை மட்டும்தான் நாம் பேசப் போகிறோம்.

லக்னம், அதாவது பிறந்த நொடியில் கிழக்கே உதிக்கும் ராசி, ஒரு நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடும், அதை விட்டுவிடுங்கள். சந்திரன் நாள் முழுவதும் கன்னியிலேயே இருக்கிறார். நட்சத்திரம் மட்டும், மெல்போர்ன் கடிகாரப்படி, பகலெல்லாம் உத்திரமாக இருந்து மாலைவாக்கில் அஸ்தமாக மாறுகிறது. ராசி உறுதி, நட்சத்திரம் உறுதியில்லை. இதைக் கட்டத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள், பின்னால் தசை பார்க்கும்போது தேவைப்படும்.

மூன்றாம் படி: கட்டம்

நம் பக்கத்துச் சதுரக் கட்டம்தான். இடது மேல் மூலை மீனம், அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றி மேஷம், ரிஷபம் என்று போகும். கன்னியில் சந்திரன். கடகத்தில் ராகு. கும்பத்தில் சூரியன், சுக்கிரன். மகரத்தில் செவ்வாய், புதன், குரு, சனி, கேது.

ஒரே வீட்டில் ஐந்து பேர். ஏன் இப்படி என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1962 பிப்ரவரி தொடக்கத்தில் ராகு தவிர எட்டு கிரகங்களும் மகரத்தில் கூடின. அஷ்டகிரகச் சேர்க்கை என்று நாடே நடுங்கியது, உலகம் அழியப் போகிறது என்று ஊர் ஊராக யாகம் நடந்தது. உலகம் அழியவில்லை. சந்திரன் முதலில் நகர்ந்தார், அப்புறம் சூரியனும் சுக்கிரனும் கும்பத்துக்குப் போனார்கள். அந்தக் கூட்டம் பாதி கலைந்திருந்த நேரத்தில் பிறந்த குழந்தைதான் ஸ்டீவ் இர்வின்.

ஒரு எச்சரிக்கை. குரு மகரத்தின் கடைசிப் பாகையில் நிற்கிறார், கும்பத்துக்குப் பெயர்ச்சியாக இன்னும் சில நாள்தான். எல்லைக் கோட்டில் நிற்கும் கிரகத்தை நம்பிப் பெரிய பலன் எதையும் கட்டாதீர்கள்.

நான்காம் படி: சந்திரனை லக்னமாக வைத்து எண்ணுங்கள்

பிறந்த நேரம் இல்லையென்றால் சந்திர லக்னம்தான் வழி. கன்னியை ஒன்றாம் வீடாக வைத்தால் மகரம் ஐந்தாம் வீடு, கும்பம் ஆறு, கடகம் பதினொன்று.

ஐந்தாம் வீடு பூர்வ புண்ணியம். குழந்தைகள், விளையாட்டு, கலை, மனம் விரும்பிச் செய்யும் காரியம் எல்லாம் அங்கேதான். அங்கே ஐந்து கிரகம் கூடியிருந்தால் அந்த மனிதருக்குத் தொழிலும் விளையாட்டும் தனித்தனியாக இருக்காது. தேனிலவில்கூட முதலை பிடித்தவரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மகரம் என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கோயில் திருவாசியில் இரண்டு பக்கமும் வாய் பிளந்து நிற்கிறதே, அதுதான் மகரம். முதலை என்றும் சொல்வார்கள், சுறா என்றும் நிகண்டுகளில் பொருள் உண்டு. நீரில் வாழும், பல் நிறைந்த, மனிதன் அஞ்சும் உயிர். ஐந்து கிரகம் அந்த ராசியில் நிற்க, ஒருவர் முதலையோடு வாழ்ந்தார் என்பது முதல் முறை பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இப்போதும் கட்டம் போடும்போதெல்லாம் அந்த இடத்தில் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. ஆனாலும் பாடத்தில் இதைப் பலனாக எழுத விடமாட்டேன். அதே நாளில் உலகமெங்கும் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் இதே மகரம்தான். அவர்கள் எல்லோரும் முதலை பிடிக்கவில்லை.

ஐந்தாம் படி: செவ்வாய்

இந்தக் கட்டத்தில் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

மகரம் செவ்வாய்க்கு உச்ச வீடு, அதாவது பலம் மிகுந்திருக்கும் இடம். சனிக்கு ஆட்சி வீடு, அதாவது சொந்த வீடு. இரண்டு பலசாலிகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். செவ்வாய் பாய்கிற கிரகம், சனி காத்திருக்கிற கிரகம். முதலை பிடிக்கிறவனுக்கு இரண்டும் வேண்டும். மணிக்கணக்கில் சேற்றில் அசையாமல் கிடக்கத் தெரிய வேண்டும், கண நேரத்தில் பாயவும் தெரிய வேண்டும். சனி செவ்வாய் சேர்க்கை என்றாலே விபத்து என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறவர்கள் உண்டு. இங்கே அது முப்பது வருடத்துக்கு மேல் ஒருவருக்குத் தொழில் கருவியாக இருந்திருக்கிறது.

சரி, செவ்வாய் எந்த வீடுகளுக்கு அதிபதி? கன்னிக்கு மூன்றாம் வீடு விருச்சிகம், எட்டாம் வீடு மேஷம். இரண்டுமே செவ்வாயின் வீடுகள். மூன்று என்பது தைரியம், வீரியம். எட்டு என்பது ஆயுள், எதிர்பாராத ஆபத்து. அது மட்டுமல்ல, எட்டுக்கு எட்டாம் வீடு என்பதால் மூன்றும் ஆயுள் ஸ்தானமாகவே எண்ணப்படும். மகரத்திலிருந்து செவ்வாயின் நான்காம் பார்வையும் அந்த எட்டாம் வீடான மேஷத்தில்தான் விழுகிறது.

தைரியத்தின் சாவியும் ஆயுளின் சாவியும் ஒரே கையில் இருக்கின்றன. கன்னி ராசிக்காரர்கள் அனைவருக்கும் இது பொதுதான், உடனே பயந்துவிடாதீர்கள். இவருக்கு அந்தச் செவ்வாய் உச்சத்தில், ஆட்சி பெற்ற சனியோடு இருப்பதுதான் விசேஷம். அவரை உலகத்துக்குக் காட்டிய குணமும் அவர் உயிரை எடுத்த சூழ்நிலையும் வேறு வேறு அல்ல என்பதை அவருடைய வாழ்க்கையைப் படித்தாலே உணரலாம். கட்டம் அதைத் தன் மொழியில் சொல்கிறது. நான் இந்த ஜாதகத்தில் கண்டது இது ஒன்றுதான்.

ஆறாம் படி: ராகு

கடகத்தில் ராகு, ஆயில்ய நட்சத்திரத்தில். ஆயில்யத்தின் தேவதை ஆதிசேஷன். ராகுவே பாம்பின் உடல். பதினொன்றாம் வீடு லாபம், புகழ், பெரிய நட்பு வட்டம். பாம்பும் ஊர்வனவும் மூலமாகப் பேர் வாங்குவார் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

ஏழாம் படி: பொருந்தாததையும் எழுதுங்கள்

கன்னிக்கு ஒன்பதாம் வீடு ரிஷபம், தந்தை ஸ்தானம். அதிபதி சுக்கிரன் ஆறில், பலம் குன்றும் மறைவு வீட்டில், இருக்கிறார், கூடவே தந்தைக் காரகனான சூரியனும் அங்கேயே. புத்தகப்படி அப்பாவோடு பகை, அப்பாவால் பயனில்லை என்று எழுத வேண்டும். வாழ்க்கையில் நடந்ததோ நேர்மாறு. முதலை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரே அப்பாதான், பூங்காவும் அப்பாவுடையதுதான்.

சிலர் இங்கே ஆறாம் வீடு என்றால் சேவை, வேலை என்று சுற்றி வளைத்துப் பொருத்திவிடுவார்கள். செய்யாதீர்கள். கட்டத்துக்குப் பக்கத்தில் "தந்தை: பொருந்தவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதப் பழகாதவர் கையில் எந்த ஜாதகத்தையும் கொடுக்க எனக்கு மனம் வராது.

எட்டாம் படி: தசை

பிறந்த நட்சத்திரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிரகத்துக்கும் இத்தனை வருடம் என்று வாழ்க்கையைப் பங்கிடுவதுதான் தசை. பிறக்கும்போது முதல் தசையில் மீதி இருக்கும் வருடங்கள் தசை இருப்பு. நட்சத்திரம் உறுதியில்லாததால் தசை இருப்பும் உறுதியில்லை. ஆனால் இரண்டு எல்லையையும் கணக்குப் போடலாம். நாளின் தொடக்கத்தில் பிறந்திருந்தால் சூரிய தசை இருப்பு நாலு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. நாளின் முடிவில் என்றால் சந்திர தசை ஏழரை வருடம் போல இருக்கும். இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் ராகு தசை தொடங்கும் வருடம் 1976க்கும் 1983க்கும் இடையே, குரு தசை தொடங்கும் வருடம் 1994க்கும் 2001க்கும் இடையே விழுகிறது.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். 1992 திருமணம் எந்தக் கணக்கிலும் ராகு தசையில்தான். 2006 மரணம் எந்தக் கணக்கிலும் குரு தசையில்தான். கன்னிக்குக் குரு ஏழாம் அதிபதி, பாதகாதிபதி (கெடுதல் செய்யும் வீட்டுக்குரியவர்), மகரத்தில் நீசமும்கூட, அதாவது பலம் இழந்தவர். ஆட்சி சனியோடும் உச்ச செவ்வாயோடும் இருப்பதால் அந்த நீசம் நீங்கும், நீசபங்கம் என்பார்கள், எல்லைப் பாகை விஷயத்தையும் மறக்காதீர்கள். தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய 1996 ஒரு கணக்கில் ராகு, இன்னொரு கணக்கில் குரு. அப்படியானால் அதைப் பற்றி நாம் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் படி: கோசாரம், கவனமாக

கோசாரம் என்பது குறிப்பிட்ட ஒரு நாளில் கிரகங்கள் வானத்தில் நிற்கும் நிலை. 2006 செப்டம்பர் 4 அன்று செவ்வாய் கன்னியில், ஜென்ம ராசியிலேயே இருந்தார். சனி கடகத்தில், பிறப்பு ராகுவை ஏறக்குறையப் பாகை சுத்தமாகத் தொட்டுக்கொண்டிருந்தார். திண்ணையில் இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாகிவிடுவார்கள்.

அந்த மௌனத்தில்தான் நான் அடுத்த கணக்கைப் போடச் சொல்வேன். செவ்வாய் ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 687 நாள். அப்படியானால் அவருடைய 44 வயதுக்குள் இருபது முறைக்கு மேல் செவ்வாய் கன்னிக்கு வந்து போயிருக்கிறார். சனியும் 1976 வாக்கில் ஒரு தடவை இதே கடகத்தைக் கடந்திருக்கிறார், பையன் அப்போது பீர்வாவில் அப்பாவோடு முதலைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த வயது. நடந்து முடிந்த நாளை வைத்துக்கொண்டு காரணம் தேடினால் ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும். ஆகவே உயிரோடு இருக்கும் ஒருவரின் கட்டத்தில் இந்த மாதிரிச் சேர்க்கையைக் கண்டால் வாயைத் திறக்காதீர்கள். இதை என்னிடம் படிக்கிறவர்களிடம் சத்தியம் மாதிரி வாங்கிக்கொள்கிறேன். ஒரு அம்மாவிடம் மகனின் ஆயுளைப் பற்றி யாரோ சொன்ன ஒரு வார்த்தை அந்தக் குடும்பத்தைப் பல வருடம் தூங்கவிடாமல் செய்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்: பறவை மனிதர் சலீம் அலி, 1896 நவம்பர் 12, மும்பை. அந்தக் காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் கிடையாது, மும்பைக்குத் தனி நேரம் இருந்தது. முதலில் அதைச் சரி செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த நாளில் சந்திரன் ராசி மாறினாரா இல்லையா என்று மட்டும் கண்டுபிடித்து எழுதி வாருங்கள். பலன் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.