தடுப்பணைக்கு முன் கலங்கலை அளந்து பாருங்கள்

ஊர்க்கூட்டத்தில் நீர்வடிப்பகுதித் திட்டம் (ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ வடிந்து வரும் மழைநீரை அந்த நிலப்பரப்பு முழுவதும் கையாளும் வேலை) என்று பேச்செடுத்தால் முதலில் எழும் குரல் ‘கானாற்றில் ஒரு தடுப்பணை’ என்பதுதான். கண்ணுக்குத் தெரிகிற வேலை, கல்வெட்டும் வைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு சின்ன பாத்திரம் என்று புரியும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கானாறுகள் பலவற்றுக்குத் தலை ஆந்திரத்தில், வால் தமிழ்நாட்டில். கவுண்டன்யா ஆறே அப்படித்தான்: பலமநேர் பக்கத்து மேட்டிலிருந்து இறங்கி, மோர்தானா அணையைத் தாண்டி, குடியாத்தம் நகருக்குள் ஓடிப் பாலாற்றில் சேர்கிறது. 2021 நவம்பரில் அந்த ஆறு கரையை மீறியதை ஊரே பார்த்தது. இங்கே போடுகிற திட்டத்திடம் நாம் இரண்டு வேலை கேட்கிறோம்: கிணற்றில் ஊற வேண்டும், வெள்ளமும் குறைய வேண்டும். ஊறுவதற்குத் தண்ணீர் நிற்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கக் காலி இடம் வேண்டும். ஒரே குட்டை ஒரே நாளில் இரண்டையும் செய்யாது. அதனால் மேட்டில் ஊறவைப்பது, பள்ளத்தில் பத்திரமாக வழியனுப்புவது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் நின்றுவிடாத வரைபடம்

கிராம வரைபடமும் புல எண் படமும் மாநில எல்லையோடு நின்றுவிடும். மழைக்கு அந்தக் கோடு தெரியாது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தை எடுத்து, ஏரியின் கலங்கலில் (நிரம்பினால் மிகுநீர் வழியும் இடத்தில்) பென்சிலை வைத்து, முகடு வழியாகச் சுற்றி வந்து கலங்கலிலேயே முடியுங்கள். அந்தக் கோட்டுக்குள் விழும் மழைதான் உங்கள் மழை. நம் ஆள் கானாறு என்பதை மேலே ஆந்திரத்தில் வங்க என்பார்கள், ஏரியைச் செருவு என்பார்கள். இரு பக்கப் பதிவேட்டையும் சேர்த்துப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். ஒரே நீர்நிலையை இரண்டாக எண்ணிவிடுவது உண்டு.

பிறகு நடந்து பாருங்கள், அதுவும் நல்ல மழைக்கு மறுநாள் காலையில். வரத்துக்கால்வாய் எந்தக் கொல்லையில் மறைந்துபோகிறது, பாலத்தடிக் குழாய் எங்கே மண்ணடைத்துக் கிடக்கிறது என்பதைச் சேறே காட்டிக்கொடுக்கும். கூடவே ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிடும் நீர்க்கட்டியையும் வயதானவர்களையும் அழைத்துப் போனால் பாதி அளவை மிச்சம்.

கணக்கு

1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10 கன மீட்டர். 500 ஹெக்டேர் வடிநிலத்தில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 5 லட்சம் கன மீட்டர். ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணில் 40 சதவீதம் ஓடுகிறது என்று வையுங்கள்: 2 லட்சம்.

இனி பாத்திரங்களைப் பாருங்கள். கானாற்றில் 1.2 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலத்தில் ஒரு தடுப்பணை. ஆற்றுச் சரிவு 1 சதவீதம். தண்ணீர் 120 மீட்டர் பின்னால் நிற்கும், கொள்ளளவு சுமார் 720 கன மீட்டர். 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் 10 கி.மீ. அகழி வெட்டினாலும் 2,700. மேலே 30-க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், பக்கச் சரிவு 1.5:1 உள்ள ஒரு பண்ணைக்குட்டை 1,464 கன மீட்டர் பிடிக்கும். நாற்பது குட்டை என்றால் 58,000-க்கு மேல். 10 ஹெக்டேர் ஏரியில் 60 செ.மீ. வண்டல் படிந்திருந்தால் அதுவே 60,000 கன மீட்டர் இடத்தைத் தின்றுவிட்டது. பழைய ஏரியைச் சீர்செய்வது முதலில் வரவேண்டியது இதனால்தான். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது, மேற்பட்டது நீர்வளத் துறையுடையது. மனுவை எழுதும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகழியையும் தடுப்பணையையும் இதற்காக வேண்டாமென்று ஒதுக்கித் தள்ளிவிட வேண்டாம். அவை ஒரு பருவத்தில் பல தடவை நிரம்பி வடியும், ஊறலுக்கு உதவும். பெருவெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மேட்டிலிருந்து கீழே

முகடு காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதியில்லாமல் மண்வெட்டியைக்கூடத் தூக்கக் கூடாது. யானை நடமாடும் மலை வேறு. சரிவில் சம உயரக் கோட்டைத் தண்ணீர் நிரப்பிய மட்ட டியூப் பிடித்துக் குறியுங்கள், கண்மட்டம் போதாது. நீளமான அகழி ஒரு முனையில் 5 செ.மீ. தாழ்ந்திருந்தாலும் தண்ணீரெல்லாம் அங்கே திரண்டு கரையை உடைத்துப் புது ஓடையைத் தொடங்கிவிடும். ஆகவே 3 மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி வெட்டுங்கள். மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டு, விளிம்பிலிருந்து 30 செ.மீ. இடம் விடுங்கள்.

சிற்றோடைகளில் கல்தடுப்பு போதும். உயரம் 1 மீட்டருக்கு மேல் வேண்டாம். நடுப்பகுதி ஓரங்களைவிட 30 செ.மீ. தாழ்வாக, மேல்முகம் 1:1, கீழ்முகம் 1:3 சரிவு, பெரிய கல் கீழ்முகத்தில். இடைவெளிக்கு உயரத்தைச் சரிவால் வகுத்தால் போதும்: 5 சதவீதச் சரிவில் 1 மீட்டர் தடுப்புக்கு 20 மீட்டர். நடுவை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் ஓரமாகப் போய்க் கரையை அரிக்கும். அடுத்த வருடம் கல் ஒரு பக்கமும் ஓடை ஒரு பக்கமுமாக இருக்கும்.

கல்கட்டுத் தடுப்பணைக்கு மணலில் அஸ்திவாரம் போடாதீர்கள், பாறை தட்டும் வரை தோண்டுங்கள். இரு கரையிலும் 1 மீட்டராவது உள்ளே செலுத்துங்கள். தண்ணீர் குதிக்கும் இடத்தில் தளம் போடுங்கள். குப்பம் பக்கம் கருப்பு கிரானைட் வெட்டும் குவாரிகள் பூமிக்குள் ஓடும் கருங்கல் சுவர் ஒன்றின் தடத்திலேயே வரிசையாக இருக்கும். அந்தச் சுவர் ஓடையைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குச் சற்று மேலே தடுத்தால் நிலத்தடி நீர் எளிதில் நழுவாது. பாலாறு 1892-இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்த ஒப்பந்தத்துக்குள் வரும் ஆறு. அதன் ஓடையில் மேல் மாநிலத்தில் கல்கட்டு என்றால் பேச்சு வளரும். பண்ணைக்குட்டை, வரப்பு என்றால் அவ்வளவு வளராது.

கலங்கல்

வெள்ளச் சேதம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. 500 ஹெக்டேர், மணிக்கு 40 மி.மீ. மழை, ஓட்டக் கெழு (மழையில் ஓடிவரும் பங்கு) 0.4. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 22 கன மீட்டர். கலங்கலுக்கு மேல் 60 செ.மீ. உயரத்தில் வழியலாம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு நொடிக்கு சுமார் 0.79 கன மீட்டர் போகும். அப்படியானால் 28 மீட்டர் நீளக் கலங்கல் வேண்டும்.

இனி நடப்பைப் பாருங்கள். ஏரி கோடி போவதற்கு (நிரம்பிக் கலங்கலில் வழிவதற்கு) முன் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று 30 செ.மீ. மணல் மூட்டை அடுக்குவார்கள். கரை உயராது, வழிய மிஞ்சுவது 30 செ.மீ. மட்டும். அதே 28 மீட்டரில் இப்போது நொடிக்கு 8 கன மீட்டர்கூடப் போகாது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மீதி கரை மேல் ஏறும், கரை உடையும். அக்டோபரில் மூட்டை இருந்தால் அன்றே எடுக்க வைப்பது நீர்க்கட்டியின் வேலையாக எழுதி வையுங்கள். கோடிக்குக் கீழே போகும் வாய்க்காலையும் அடுத்த ஏரி வரை திறந்து விடுங்கள், அங்கேதான் வீடு கட்டியிருப்பார்கள்.

தூர்வாரும்போது ஜேசிபியைக் கரை அடியிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். வண்டல் முடிந்து மொரம்பு (சரளை மண்) தெரிந்ததும் நிறுத்துங்கள். மொரம்பையும் வெட்டி விற்பது தூர்வாரல் ஆகாது.

ஊறுகிறதா என்று பார்ப்பது

குட்டையில் ஒரு அளவுகோலை நட்டு, மழையில்லாத, யாரும் இறைக்காத பத்து நாள் குறித்து வாருங்கள். தினமும் 10 மி.மீ. இறங்கி, ஆவியாவது 4 மி.மீ. என்றால் ஊறுவது 6. அளவு 4-க்குக் கிட்டவே நின்றால் அது மாட்டுக்கான குட்டை, கிணற்றுக்கானதல்ல.

இந்தப் பக்கம் கிரானைட், நைஸ் பாறை. மேலே சிதைந்த பகுதியில் நூற்றுக்கு 2 பங்குதான் நீர் தங்கும் இடம். 1 லட்சம் கன மீட்டர் ஊறினால் 500 ஹெக்டேரில் 20 மி.மீ., கிணற்றில் சராசரியாக 1 மீட்டர் ஏறும். சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். பத்துத் திறந்த கிணறுகளைத் தேர்ந்து ஜனவரியிலும் மே மாதத்திலும் கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து எழுதுங்கள். ஆழ்துளைக் கிணற்று மட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கைவிட்ட போர்வெல்லில் ஓடை நீரை நேராக விடும் ஆசை நிறைய பேருக்கு உண்டு. மணல், சல்லி, கூழாங்கல் அடுக்கிய வடிகட்டி இல்லாமல் விட்டால் இரண்டே மழையில் வண்டல் அடைத்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு சுற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஓடை என்றால் வடிகட்டி போட்டும் விடக் கூடாது. கரைந்த உப்பையும் குரோமியத்தையும் மணல் பிடிக்காது.