டீ-சர்ட் அச்சு கலங்குகிறதா? மெஷ்ஷைத் தட்டிப் பாருங்கள்

எழுத்தின் ஓரம் கலங்கி வந்தால் புதியவர்கள் முதலில் இங்க்கைத்தான் மாற்றுகிறார்கள். நல்ல டப்பா ஒன்றைக் கெட்டுப்போனது என்று நானும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோளாறு மெஷ்ஷில், அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில் இழுத்துக் கட்டும் வலைத்துணியில் இருந்தது.

இங்க்கை இழுத்துவிடும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜி போகும் இடத்தில் மட்டும் மெஷ் டீ-சர்ட்டைத் தொட வேண்டும். அது கடந்ததும் சட்டென எழும்பிவிட வேண்டும். தொய்ந்த மெஷ் இங்க்கோடு ஒட்டிக்கிடந்து, மெல்லப் பிரியும்போது ஓரத்தை இழுத்துவிடும். இரண்டு கலர் வேலையில் இரண்டாவது கலர் இடம் மாறி உட்காரும்.

மரச்சட்டத்தைச் சமதரையில் வைத்து, மூலை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் வேண்டாம். கழுவும்போது மரம் வளையாமல் இருக்க வார்னிஷ் அடித்துவிடுங்கள். மெஷ் பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் ஈரம் பட்டால் இளகும். பெரிய எழுத்துக்கு 43 டி, அதாவது சென்டிமீட்டருக்கு 43 இழை போதும்.

இனி இழுப்பு. அவசரமே கூடாத இடம் இது. சட்டத்தைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, இழைகள் சட்டத்துக்கு இணையாக ஓடும்படி விரியுங்கள். நீளப் பக்கத்தின் நடுவில் முதல் ஸ்டேப்ளர் பின். எதிர்ப்பக்கம் இழுத்து அதன் நடுவில் அடுத்தது. பிறகு மற்ற இரண்டு பக்கங்களின் நடு. அங்கிருந்து எதிரெதிராக மாற்றி மாற்றி மூலையை நோக்கிப் போங்கள். மூலையில் தொடங்கினால் நடுவில் விழும் தொய்வு பிறகு போகவே போகாது. பின்னைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் இழுப்பு முழுவதும் ஒன்றிரண்டு இழைகளில் விழுந்து கிழியும்.

இழுத்த பாலியெஸ்டர் தானாகவே கொஞ்சம் தளரும். அதனால் ஓர் இரவு விட்டு, மறுநாள் தளர்ந்த பக்கத்தின் பின்களைக் கழற்றி மறுபடி இழுங்கள். டிசைனைப் பதிக்க மெஷ்ஷில் பூசும் எமல்ஷன் அதற்குப் பிறகுதான்.

டென்ஷன் மீட்டர் இருந்தால் சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன் நல்ல அளவு. கையால் இழுத்த மரச்சட்டம் அதை எட்டுவது கடினம். மீட்டர் இல்லாதவர்கள் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் விரலால் தட்டுங்கள். பறை போல எங்கும் ஒரே ஒலி வர வேண்டும்.

அச்சிடும்போது சட்டத்தின் மூலைகளுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் ஒவ்வொன்று வையுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். இறுக்கமான மெஷ்ஷுக்கு அது போதும். தொய்ந்ததற்கு இரண்டு மூன்று நாணயம் வைத்தால் பிரியும்தான், ஆனால் டிசைன் நீண்டுவிடும்.

ஒவ்வொரு முறை கழுவிக் காய்ந்த பிறகும் தட்டிக் கேளுங்கள். ஒலி மந்தமான சட்டத்தை ஒரு கலர் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு கலருக்கு எடுக்காதீர்கள்.